தூணாத்தா பூசிய திருநீறு

இப்போதெல்லாம் எவனும் எதையும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை. எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். இல்லாவிட்டால் எட்ட நின்று வைகிறான். பஸ் வந்த பிறகு இந்தப் புத்தி இன்னும் மோசமாகிவிட்டது. உட்கார்ந்த இடத்துக்கே ஊர் வந்துவிடுகிறது, பிறகு எதற்குக் குனிந்து பார்க்க வேண்டும்? முன்பு மாடு காணோம் என்றால் குளம்படியைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராக நடப்பார்கள். இன்றைக்குப் போலீஸ் ஏட்டிடம் போய்ச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறார்கள். அந்த ஏட்டும் குனிவதில்லை. தொப்பை இடிக்கிறது.

குனிந்து பார்ப்பதற்கு இந்த வேலாங்கரைப்பட்டியில் மிச்சம் இருப்பவன் நான்தான். பெயர் கர்ணன். களவுபோன மாட்டுக்குத் துப்புச் சொல்லியே தலை நரைத்தவன். என்னோடு ஒட்டிக்கொண்டு திரிகிறவன் அம்மாவாசி, ஜட்கா வண்டிக்காரன். தேனிக்கும் கம்பத்துக்கும் பஸ் ஓட ஆரம்பித்ததிலிருந்து அவன் வண்டியில் ஏற ஆளில்லை. குதிரையைச் சும்மா நிறுத்தக்கூடாது என்று என்னை ஏற்றிக்கொண்டு வாயடித்துத் திரிகிறான். எனக்கு மருமகன் முறை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவன் வாயைப் பொறுத்துக்கொள்கிறேன்.

மார்கழி மாதம், ஒரு வியாழக்கிழமை. விடிந்தும் விடியாமலும் ராமுத்தாய் என் வாசலில் வந்து நின்றாள். கடைவீதிக் கல்மண்டபத்தில் கூழ் விற்கிறவள். அவள் புருஷன் ஒச்சாண்டி அந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு அங்கேயே படுத்துக்கிடப்பவன்.

“அண்ணே, அவுகள நேத்து ஸ்டேஷன்ல போட்டு அடச்சுட்டாக.”

“என்ன செஞ்சானாம்?”

“தூணாத்தாளுக்குத் திருநீறு பூசினாகளாம்.”

“பூசினானா?”

“அவுக தன் நெத்தியில பூசவே சோம்பேறித்தனப்படுற ஆளு. ஆத்தாளுக்கா பூசப் போறாக?”

அம்மாவாசி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தான். “மாமா, இந்தம்மா சொல்றதக் கோர்ட்டு ஒத்துக்கும். எனக்கே தெரியும், ஒச்சாண்டி கையைத் தூக்கி நான் பார்த்தது கஞ்சி குடிக்கும்போதுதான்.”

விஷயம் இதுதான். அந்த மண்டபம் எந்த ராசா கட்டினது என்று யாருக்கும் தெரியாது. அழகு என்று நான் சொல்ல மாட்டேன். வௌவால் நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் மேகமலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து இறங்குகிறவர்களும் பாரவண்டிக்காரர்களும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வேறு இடம் கிடையாது. அதை இடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு போடுவதாகப் பஞ்சாயத்து போர்டில் முடிவு செய்தார்கள். முடிவு செய்ததில் பெரிய சத்தம் போட்டவர் பிரசிடெண்டு சீனிச்சாமி, ஏலக்காய் வியாபாரி. “பழங்கல்லைக் கட்டிக்கிட்டு அழுதா ஊரு எப்ப முன்னேறும்?” என்று மேஜையைத் தட்டினாராம்.

கடப்பாரையோடு ஆட்கள் போன அன்று காலையில் ஒரு தூணில் செதுக்கியிருந்த பெண் சிலையின் மேல் வெள்ளை வெளேரென்று திருநீறு. ஆட்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். மறுநாளும் திருநீறு. அதற்கு மறுநாளும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். அதுவரை பெயரில்லாமல் நின்ற பெண் தூணாத்தா ஆகிவிட்டாள். சாயங்காலம் ஆனால் பெண்கள் வரிசையாக வந்து அவள் தலையில் எண்ணெய் ஊற்றி விளக்கு வைத்தார்கள். பிரசிடெண்டு போலீசில் பிராது கொடுத்தார். ஏட்டு வீரபாண்டி ராவெல்லாம் காவல் இருந்தார். பொழுது அடைந்த பிறகு ஒரு ஈ காக்கை அந்தத் தூண் பக்கம் போகவில்லை. ஆனாலும் விடியும்போது திருநீறு. நித்தம் அங்கேயே படுப்பவன் ஒச்சாண்டி ஒருவன்தானே, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“இன்னிக்கும் ஆத்தா பூசிக்கிட்டாண்ணே. புருஷன் உள்ள இருக்கான், அப்ப பூசினது நீதாண்டின்னு ஏட்டு என்னைய மெரட்டுறாரு. திங்கக்கெழம உத்தமபாளையம் கோர்ட்டுக்கு அவுகளக் கொண்டு போறாகளாம். அடிச்சிருக்காகண்ணே. கன்னம் வீங்கிக் கெடக்கு.”

“அழாதே. வண்டியில ஏறு” என்றேன்.

மண்டபத்தில் கூட்டம். கற்பூரப் புகை கண்ணைக் கரித்தது. நான் குனிந்து நுழைந்து தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழங்கையைப் பார்த்தேன்.

முழங்கைக்கு அடியில் திருநீறு ஒரு சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“மாப்ளே, திருநீறு தொங்குமா?”

“உதிரும்.”

“இது தொங்குது. மெழுகுவத்தி வழிஞ்ச மாதிரி. இப்ப திரும்பி ஜனங்க நெத்தியப் பாரு.”

அம்மாவாசி பார்த்தான். எல்லோரும் சிலையிலிருந்து விரலால் தொட்டு நெற்றியில் இட்டிருந்தார்கள். ஒரு நெற்றியிலும் வெள்ளை இல்லை. அத்தனையும் மினுமினுவென்று பளபளத்தது.

“மாமா, ஊரே நெத்தியில தாளிச்சு விட்ட மாதிரி இருக்கு!”

நான் அந்தச் சொட்டை விரலில் எடுத்தேன். சூட்டுக்கு உருகி ஓடியது. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காயெண்ணெய்.

எங்கள் பக்கம் தலைக்கு நல்லெண்ணெய், விளக்குக்கு இலுப்பெண்ணெய். தேங்காயெண்ணெய் என்பது பஸ் ஏறி வந்த நாகரிகம். வாங்குகிற பெண்களும் உழக்கு வாங்கி அடுப்படியில் வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூட்டில் அது உறைந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஒரு மார்கழியில் காளையைத் தேடிக் குமுளி வரைக்கும் போயிருக்கிறேன். அங்கே காலைக் குளிரில் சாயாக்கடைக்காரன் எண்ணெய்ப் புட்டியை நெருப்பில் காட்டித்தான் ஊற்றுவான். வெள்ளையாக, கட்டியாக இருக்கும்.

“அப்ப ராத்திரி யாரும் வரல” என்றான் அம்மாவாசி. “சாயங்காலம் ஏட்டு கண்ணு முன்னாலயே ஊத்திட்டுப் போறாக. பனி மிச்ச வேலையப் பாத்துக்குது.”

“ஊத்துற அத்தனை பொம்பளையிலயும் தேங்காயெண்ணெ ஊத்துறது யாருன்னு கண்டுபிடிக்கணும்.”

“ஒவ்வொருத்தி கிண்ணத்தையும் மோந்து பாப்பமா?”

“நீ போய் மோந்து பாரு. உன் பல்லைப் பொறுக்க நான் வாரேன்.”

இந்த ஊரில் தேங்காயெண்ணெய் விற்பது ஒரே கடை, பொன்னுராஜ் மளிகைக் கடை. வேதக்காரர், கிறிஸ்தவர், வாரம் தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். எடைக்கல்லைக் கும்பிடுவது போலத் தொட்டு வைக்கிறவர். நான் சொன்ன யோசனையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“வேப்பெண்ணெயக் கலக்கணுமா? தேங்காயெண்ணெயிலயா? பெரியவரே, ஞாயித்துக்கிழமை கோவிலுக்குப் போறவன்யா நான். கலப்படம் பண்ணச் சொல்றீகளே!”

“திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பண்றதத்தான சொல்றோம்” என்றான் அம்மாவாசி.

“மாப்ளே, வாயை மூடு. பொன்னுராசு, நாளைக்கு ஒரு நாள்தான். வெள்ளிக்கெழம. பொம்பளைக தலைக்கு எண்ணெ தேய்க்கிற நாளு. காலையில வாங்குறவுக எல்லாம் மத்தியானம் சண்டைக்கு வருவாக. ஒங்க வேலை ஒண்ணுதான். சண்டைக்கு வராதது யாருன்னு எனக்குச் சொல்லணும்.”

பொன்னுராஜ் யோசித்தார். ஒச்சாண்டி அவர் கடைக்கு மூட்டை இறக்கிக் கொடுப்பவன். “கன்னம் வீங்கியிருக்குன்னு சொன்னாகளே, நெசமா?” என்று கேட்டார். ராமுத்தாய் தலையை ஆட்டினாள். அவர் உள்ளே போய் வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தால் காது போயிருக்கும். வாத்தியார் வீட்டுச் சொர்ணலதா ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

“யோவ் கடைக்காரரே! இத மோந்து பாருங்க. தலையா வேப்பமரமா? எங்க வீட்டுக்காரு பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேன்னுட்டாரு!”

“நான் மோக்கலாங்களா?” என்று அம்மாவாசி கேட்டான். அவள் சொம்பை ஓங்கினாள். அவன் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஒருத்தி பின்னால் ஒருத்தி வந்தார்கள். பொன்னுராஜ் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கலக்காத எண்ணெய் கொடுத்து அனுப்பினார். வெயில் சாய்ந்ததும் சத்தம் அடங்கியது.

“வராதது யாரு?” என்றேன்.

பொன்னுராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஒரே வீடுதான். மத்தவுக உழக்கு வாங்கினா அந்த வீட்டுக்கு மட்டும் தூக்குச்சட்டி நெறைய. இந்த மாசம் பூரா அப்படித்தான். வேலைக்காரி பாண்டியம்மா வந்து வாங்கிட்டுப் போறா.”

“எந்த வீடு?”

“பிரசிடெண்டு வீடு.”

அம்மாவாசி விரலை மடக்கி எண்ணினான்.

“மாமா, சீனிச்சாமி தலை தேச்சு வச்ச சொம்பு. அவரு சம்சாரம் போன மாசந்தான் பழநியில மொட்டை போட்டுட்டு வந்தாக. அந்த வீட்டுல மொத்தத்துக்கும் ஒரு சீப்புக்கு வேலை இல்ல. தூக்குச்சட்டி எண்ணெய எங்கிட்டுத் தேய்க்கிறாக?”

“தூணுல தேய்க்கிறாக.”

“இடிக்கணும்னு மேஜையத் தட்டுனவரே அவருதான! அவரு எதுக்கு ஆத்தாளக் கொண்டாறாரு?”

அதுதான் எனக்கும் உதைத்தது. “சின்னமனூர் ரோட்டுல அவருக்குப் புளியந்தோப்பு இருக்குல்ல, அங்கன விடு வண்டியை” என்றேன்.

தோப்பில் ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ப்பு முடியாத மரங்கள். ரோட்டோரத்தை மட்டும் மட்டமாகச் செதுக்கி, முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். பஸ் உள்ளே வந்து திரும்பி வெளியே போகிற அளவுக்கு வளைவு.

மண்டபம் சாமி ஆகிவிட்டால் போர்டு வேறு இடம் பார்த்தாக வேண்டும். ரோட்டோரத்தில் வேறு இடம் அந்தத் தோப்புதான். பிரசிடெண்டு தானாகத் தன் நிலத்தை வாங்கச் சொன்னால் ஊர் காறித் துப்பும். ஆத்தா விரட்டி அங்கே கொண்டுபோய் விட்டால் யார் கேட்பார்கள்? பிராது கொடுத்ததும் இதற்குத்தான். ஒரு ஏழையை உள்ளே தள்ளி அடி வாங்க வைத்தால் இவர் கை சுத்தம்.

“மாமா, இடிக்கிறேன்னு சொல்றவரு காப்பாத்துறாரு. இவர நம்பி மண்டபத்துக்குச் சந்தோசப்படணுமா, ஒச்சாண்டிக்காக அழணுமா?”

“ரெண்டும் வேண்டாம். வண்டிய ஓட்டு.”

அன்று சாயங்காலம் மண்டபத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். பாண்டியம்மாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து தூக்குச்சட்டியைச் சாய்த்தாள். வேப்பெண்ணெய் வாடை என் மூக்குக்கு வந்தது. புகையில் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. நேராக ஏட்டு வீரபாண்டியிடம் போனேன்.

“ஏட்டய்யா, விடியக்காலம் கற்பூரம் கொளுத்துறதுக்கு முன்னால வாங்க. பூசினது யாருன்னு காட்டித் தாரேன். ஒங்க மூக்கு மட்டும் போதும்.”

சனிக்கிழமை விடியலில் பனி மூடிக் கிடந்தது. தூணாத்தா வழக்கம்போல வெள்ளையாக நின்றாள். பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. ஏட்டு தொப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“மோந்து பாருங்க. இது திருநீறு இல்ல.”

மோந்தார். முகம் மாறியது. “யோவ் கர்ணா, வேப்ப வாசமுல்ல அடிக்குது!”

“அதேதான். நேத்து பொன்னுராசு கடையில...”

நான் முடிக்கவில்லை. பின்னால் ஒரு பெண் குலவை போட்டாள். “வேப்பிலை வாசம்! வேப்பிலை வாசம் வருதாம்! மாரியாத்தாடி! வந்திருக்கிறது மாரியாத்தாடி!”

அவ்வளவுதான். மண்டபமே குலவையால் அதிர்ந்தது. வௌவால் எல்லாம் வெளியே பறந்தது. ஒருத்தி சாமியாடிக்கொண்டு தலைமயிரை விரித்தாள். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பையையும் பாராமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“ஏய்! அது கடை எண்ணெய்! தேங்காயெண்ணெயில வேப்பெண்ணெயக் கலந்தது நாங்க!” என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

“ஆத்தா எந்தக் கடையிலயும் வாங்கிக்குவா. ஒனக்கு என்னடா எரியுது?”

அம்மாவாசி என் பக்கத்தில் வந்து நின்றான். சிரிக்கவில்லை. “மாமா, அவரு சாமியத்தான் செஞ்சாரு. பேரு வச்சது நாம.”

ராமுத்தாய் கூட்டத்துக்கு நடுவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நேராகப் பிரசிடெண்டு ஏலக்காய் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போனேன்.

சீனிச்சாமி பலகையில் உட்கார்ந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

“வீட்டுல ரெண்டு தலை, ரெண்டும் மொட்டை. தூக்குச்சட்டி எண்ணெய் எதுக்கு, பிரசிடெண்டு?”

காய் பிரிக்கிற விரல் நின்றது. அப்புறம் சிரித்தார். “ஊருக்கு நடுவுல போய்ச் சொல்லுங்க பெரியவரே. இப்பத்தான் சொன்னீகளாமே, எப்படி எடுபட்டுச்சு?”

“ஊரு நம்பாது. உத்தமபாளையத்துல மேஜிஸ்திரேட்டு இந்த ஊருக்காரரு இல்ல. பொன்னுராசு வேதப் புஸ்தகத்துல கை வச்சுச் சொல்லுவாரு. பாண்டியம்மாவக் கூப்பிட்டு ஒரு அதட்டுப் போட்டாப் போதும். அடுத்தாப்ல தோப்புல முளைக்குச்சி அடிச்சது எப்போன்னு கேப்பாக.”

சிரிப்பு போய்விட்டது. “என்ன வேணும் ஒங்களுக்கு?”

“ஒச்சாண்டி பொழுது சாயிறதுக்குள்ள வீட்டுல கஞ்சி குடிக்கணும்.”

“மண்டபத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலியே?”

“இடிச்சாலும் விட்டாலும் அது ஒங்க கையிலதான இருக்கு.”

அவர் மடியில் விழுந்த ஏலக்காயைத் தட்டிவிட்டார். “யோசிச்சுப் பாருங்க. பழசும் நிக்கிது, புதுசும் வருது. இடிக்காம ஊரு முன்னேறுது. இதுல யாருக்கு நஷ்டம்? சரி, பிராத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆத்தா பேரச் சொல்லியே வாங்கிக்கிறேன்.”

ஒச்சாண்டி அன்றே வெளியே வந்தான். ஆத்தா கனவில் வந்து தன்னை மன்னிக்கச் சொன்னதாகப் பிரசிடெண்டு ஊரைக் கூட்டிச் சொன்னார். ஊர் அவருக்கு மாலை போட்டது.

தை மாதம் கடைசியில் அந்தப் பக்கம் போனேன். தோப்பில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொட்டகை எழும்பிவிட்டது. மண்டபத்தின் நாலு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து, முன்னால் கேட்டு வைத்திருந்தார்கள். உள்ளே சுத்தமாக வெள்ளையடித்திருந்தது. வௌவால் இல்லை. மனிதனும் இல்லை. உண்டியல் இருந்தது. வெளியே ரோட்டுப் புழுதியில், மேகமலையிலிருந்து மூட்டை சுமந்து வந்த பெண்கள் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ராமுத்தாயின் கூழ்ப்பானை. பஸ் ஒன்று போனது. அவள் கையால் பானையின் வாயை மூடினாள்.

கேட்டுக்கு உள்ளே ஒருவன் இடுப்பில் சாவியோடு நின்றான். நெற்றி நிறைய நிஜத் திருநீறு. ஒச்சாண்டி.

“ஏய், கம்பியில சாயாத! தள்ளி உக்காரு! குளிக்காம கொள்ளாம வந்து ஆத்தா வாசல்ல சாயிறாளுக” என்று ஒரு மூட்டைக்காரியை விரட்டினான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. “வாங்கண்ணே! போர்டுல எனக்கு வேலை போட்டுக் கொடுத்துட்டாக. எல்லாம் ஆத்தா செயல். அன்னிக்கு என்னைய வெளிய எடுத்தது யாருங்கிறீக? அவதான்.”

“இவுகள்லாம் எங்கன படுக்குறாக?” என்று கேட்டேன்.

“பஸ் ஸ்டாண்டுல கொட்டகை இருக்குல்ல.”

“அங்கன படுக்க விடுறாகளா?”

“அது... டிக்கெட்டு வாங்கினவுக உக்காரலாம்னு சொல்லியிருக்காக” என்றான். கையை நீட்டி ஒரு வேப்பிலைக் கொத்தைக் கம்பிக்கு இடையே கொடுத்தான். நான் வாங்கவில்லை.

ராமுத்தாய் ஒரு செம்பு கூழைக் கொண்டுவந்தாள். மெதுவாகக் கேட்டாள்: “நல்லதுதானண்ணே நடந்திருக்கு? அவுக வீட்டுக்கு வந்துட்டாக. மண்டபமும் இடியாம நிக்கிது. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக.”

அவளுக்கு ஆம் என்ற சொல் வேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச்சொல்தானே.

“நிக்கிது” என்றேன். கூழைக் குடித்துச் செம்பைக் கொடுத்தேன்.

“ஏறு மாமா, வெயிலு கொளுத்துது” என்று அம்மாவாசி வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தான். “என்னதான் ஒனக்குக் கொறை? இடிச்சாலும் திட்டுற, இடிக்காட்டியும் திட்டுற.”

கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, வண்டியில் ஏறாமல், ரோட்டோரமாக நடந்தேன்.